ஊருக்கு ஊர் சாக்கேயின் சுவை மாறுவது ஏன்?

ஜப்பானின் கோபே நகரை ஒட்டிய நாடா பகுதியின் சாக்கே என்ற அரிசி மது நாக்கில் விறுவிறுப்பாக இறங்கும். கியோட்டோவின் ஃபுஷிமியில் செய்தது மெத்தென்று வழுகும். இரண்டும் அரிசியில் செய்தவைதான். வேறுபாட்டின் பெரும்பங்கு அந்தந்த ஊர்க் கிணற்றில் இருக்கிறது.

சாக்கே காய்ச்சி வடிப்பதல்ல, புளிக்கவைப்பது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு வேண்டியதோ சர்க்கரை. அதனால் ஆவியில் வெந்த அரிசியின் ஒரு பகுதியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அதன் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக மாற்றுகிறது. இரு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால், நீர் கலக்கும் முன்பே ஆல்கஹால் 20 சதவீதம் வரை ஏறுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

நாடாவின் ஆலைகளுக்குப் பேர்போனது மியாமிசு நீர். அதில் பொட்டாசியமும் பாஸ்பரசும் தாராளம். இவை ஈஸ்ட்டுக்குத் தீனி. நொதித்தல் வேகமாக ஓடி, இனிப்பு குறைகிறது. நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்போ அதில் மிகக் குறைவு.

மாறாக, தாதுக்கள் குறைந்த மென்னீர் ஊர்களில் ஈஸ்ட் சோர்ந்துவிடும். ஹிரோஷிமா பகுதியின் சாக்கே தயாரிப்பாளர் மியுரா சென்சபுரோ பலமுறை தோற்றபின், கோஜியை நன்கு வளர்த்து, குளிரில் மெல்லப் புளிக்கவிடும் முறையைக் கண்டார். 1898-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். பழமணம் வீசும் கின்ஜோ வகைக்கு வழி திறந்தது அந்தப் பொறுமைதான்.

சிற்றூர் ஆலைக்குப் போனால், சாக்கேக்கு முன் அதன் கிணற்று நீரில் ஒரு வாய் கேட்டுப் பருகுங்கள்.