நுங்கம்பாக்கத்தில் சிக்கிய ‘ஆசியா’

சில வாரங்களுக்கு முன் ஓரிரவு, சுங்கை பாக்காப்பில் எங்கள் வீட்டுப் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டது. தெருவிளக்குகள் அணைந்ததும் வழக்கமாகக் கண்ணில் படாத நட்சத்திரங்கள்கூடத் தெரிந்தன. எஸ்.பி.எம். எழுதவிருக்கும் என் தம்பி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணே, வானத்துல இருக்கறத எல்லாம் வெள்ளைக்காரங்கதான் கண்டுபிடிச்சாங்களா? நம்ம ஆளுங்க யாருமே இல்லையா?”

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த சில நாள்கள் தேடிப் படித்தேன். கிடைத்த பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

1861 ஏப்ரல் 17. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் ஒரு புதிய சிறுகோள் சிக்கியது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். அதனால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். வரிசை எண் 67.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் அது சுற்றுகிறது. சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீட்டர் தூரம். ஒரு சுற்று முடிய மூன்றே முக்கால் ஆண்டுகள் ஆகும். குறுக்களவு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சுங்கை பாக்காப்பிலிருந்து நேர்கோடு போட்டால் சுங்கைப்பட்டாணியைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்!

ஆசியா, ‘எஸ்’ வகை எனப்படும் பாறைச் சிறுகோள். சிலிக்கேட்டுக் கனிமங்களால் ஆனது. இதே வகையைச் சேர்ந்த இத்தோகாவா என்ற குட்டிச் சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-இல் துகள்களைக் கொண்டுவந்தது. பூமியில் விழும் விண்கற்களில் மிகச் சாதாரணமானவை இத்தகைய பாறைச் சிறுகோள்களிலிருந்துதான் வருகின்றன என்பது அப்போது உறுதியானது.

ஆசியாவைக் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். ஆம், ஆங்கிலேயர்தான். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் நாம் பயன்படுத்தும் கணக்கை வகுத்தவரும் அவரே. பொலிவெண்ணில் ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். சென்னையிலிருந்து மட்டும் அவர் ஐந்து சிறுகோள்களைக் கண்டுபிடித்தார்.

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்றான் தம்பி.

கதை அங்கே முடியவில்லை. அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்கும் புரியவேண்டும் என்று அதைப் பற்றிய சிறு நூலை இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார்.

போக்சன் கடைசியாக ஒரு சிறுகோளைக் கண்டது 1885-இல். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக இந்தியாவிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் கிடைக்கவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் நினைவாக அதற்கு ‘ராமானுஜன்’ என்று பெயர் சூட்டப்பட்டது. எண் 4130.

தம்பி இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியில் அந்த எண்ணைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தான்.

சிறுகோளைக் கண்டுபிடிக்கும் அடிப்படை வித்தை அன்றும் இன்றும் ஒன்றே. வானத்தின் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் பார்க்கவேண்டும். நட்சத்திரங்கள் அசையாது; சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும். போக்சன் நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டார். பின்னால் வந்தவர்கள் புகைப்படங்களை ஒப்பிட்டார்கள். நமக்குக் கணினி இருக்கிறது.

மாணவ நண்பர்களே, அனைத்துலக வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் குழுவாக இலவசமாகச் சேரலாம். ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள். அவற்றில் நகரும் புள்ளியைத் தேடுவதே வேலை. கண்டதும் பெயர் சூட்டிவிட முடியாது. உறுதிப்படுத்தப் பல ஆண்டுகள் ஆகும். பொறுமை வேண்டும்.

தம்பி தன் பள்ளி அறிவியல் கழகத்தில் நான்கு பேரைச் சேர்த்துவிட்டான். ஆசிரியரிடம் பேசப் போவதாகச் சொல்கிறான். உங்கள் பள்ளியில் யார் கேட்கப் போகிறீர்கள்?