கல்லுக்கும் விலாசம் உண்டு!

இரண்டு கற்கள். ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே பளபளப்பு. ஒன்றின் பக்கத்தில் பழுத்துப்போன ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அதில் ஓர் ஊரின் பெயர், ஒரு சுரங்கத்தின் பெயர், ஓர் ஆண்டு. மற்றதன் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் கல் சேர்க்கும் ஒருவரிடம் இவற்றை நீட்டினால், எதை எடுப்பார் தெரியுமா? சீட்டு உள்ள கல்லைத்தான் எடுப்பார். மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது மேசைமேல் வைக்கும் பொம்மைதான்!

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. கல்லைக்கூடச் சேர்ப்பார்களா என்று கேட்கலாம். பிரிட்டனில் இது இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். அவர்கள் தேடுவது வைரமும் அல்ல, ரத்தினமும் அல்ல. செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றுக்காகப் பாறையைக் குடையும்போது, இடுக்குகளில் பூத்துக் கிடக்கும் படிகங்களைத்தான் தேடுகிறார்கள். யாரும் பட்டை தீட்டாமல், பூமிக்குள்ளேயே பட்டை தீர்ந்து வந்த கற்கள் அவை.

திரும்ப வராத கற்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குக் கார்ன்வால் என்று பெயர். ஒரு காலத்தில் செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் உலகப் புகழ் பெற்ற சீமை அது. ஆண்கள் ஏணி வழியாகப் பாதாளத்தில் இறங்கினார்கள். பெண்களும் சிறுமிகளும் மேலே நின்று, வந்து விழும் தாதுக் கல்லைச் சுத்தியலால் உடைத்தார்கள்.

அங்கே வீல் கார்லண்ட் என்று ஒரு சுரங்கம் இருந்தது. 'வீல்' என்றால் கார்ன்வால் மக்களின் பழைய பாஷையில் வேலை நடக்கும் இடம். அந்தச் சுரங்கத்தில் வான நீலத்தில் ஒரு கல் கிடைத்தது. லிரோகோனைட் என்று பெயர். அதைப்போன்ற நேர்த்தியான படிகங்கள் உலகில் வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஹெராட்ஸ்புட் என்ற இன்னொரு சுரங்கத்திலிருந்து போர்னோனைட் என்ற கல் வந்தது. கருத்த எஃகு நிறம். கடிகாரத்துக்குள் இருக்கும் பல்சக்கரத்தைப் போலவே ஓரமெல்லாம் பற்கள்! கொல்லன் பட்டறையில் செய்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பலாம்.

இரண்டு சுரங்கங்களும் மூடிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கார்ன்வாலில் கடைசிவரை தாக்குப்பிடித்த சுரங்கங்களில் ஜீவர் 1990-லும், சவுத் கிராப்டி 1998-லும் மூடப்பட்டன. தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றால் சுரங்கம் கிணறாகிவிடும். அதற்கு முன் வெளியே வந்த கற்கள் எத்தனையோ, அத்தனைதான் கணக்கு. ஆகவே அந்தக் கல்லைக் கையில் வைத்திருப்பவர், தாம் சொந்தக்காரர் என்பதைவிடக் காவல்காரர் என்றே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாளிகையிலிருந்து புத்தகம்

இந்தக் காவல்காரர்களில் முன்னோடி பிலிப் ராஷ்லி. 1729-ல் பிறந்தவர். கார்ன்வாலில் மெனபில்லி என்ற மாளிகையின் சொந்தக்காரர். நெடுங்காலம் பார்லிமெண்டு அங்கத்தினர். பேச்சைவிடக் கல்லால்தான் அவர் பெயர் நிலைத்தது என்று சொன்னால் தப்பில்லை. சுரங்கங்களிலிருந்து நல்ல கற்களை வாங்கி வாங்கி மாளிகையில் நிரப்பினார்.

அதோடு நின்றிருந்தால் அவரும் ஒரு பணக்காரர், அவ்வளவுதான். தம் கற்களைப் படமாக வரையச் செய்து, வண்ணம் தீட்டி, எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு 1797-லும் 1802-லும் இரண்டு பாகமாகப் புத்தகம் வெளியிட்டார். மெனபில்லிக்கு வர முடியாதவர்களும் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். போட்டோ பிடிக்கும் கருவி பிறப்பதற்கு முந்திய காலம் அது. அவர் சேர்த்த கற்களில் பெரும் பகுதியை இன்றும் ட்ரூரோ நகரத்து மியூசியத்தில் காணலாம்.

சுரங்கத்தில் ஒரு கொலு

பணக்காரர் மட்டும்தானா கல் சேர்த்தார்? இல்லவே இல்லை.

வட இங்கிலாந்தின் மலைப்பகுதியில் வியர்டேல் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஈயச் சுரங்கங்கள் ஏராளமாக இருந்தன. கம்பெனிக்கு வேண்டியது ஈயம். ஈயத்தைச் சூழ்ந்திருந்த புளோரைட் என்ற வண்ணப் படிகம் அன்றைக்குக் குப்பை. பச்சை, ஊதா, மஞ்சள் என்று மின்னிய அந்தக் குப்பையைத் தொழிலாளிகள் 'அழகுத் துண்டு' என்று செல்லமாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

வீட்டில் என்ன செய்தார்கள்? மரத்தால் பெட்டி அடித்தார்கள். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே படிகங்களை அடுக்கிக் குகை கட்டினார்கள். சிலர் தெருவே அமைத்தார்கள். பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்தார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் நூறு விளக்காகத் தெரியும்! நம் வீட்டு நவராத்திரிக் கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் பொம்மைக்குப் பதிலாகக் கல். சில பெட்டிகள் அலமாரி அளவுக்குப் பெரியவை. போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து ஊரார் திரண்டு வந்து பார்த்தார்கள்.

பகலெல்லாம் இருட்டில் ஈரத்தில் நின்று, நெஞ்சில் தூசி ஏறி இருமும் மனிதர்கள் ராத்திரியில் உட்கார்ந்து செய்த வேலை அது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கில்ஹோப் என்ற பழைய ஈயச் சுரங்கம் பிற்காலத்தில் மியூசியம் ஆயிற்று. அந்தப் பெட்டிகளில் சில அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன.

இந்த வட பகுதிப் புளோரைட்டுக்கு இன்னொரு வித்தை உண்டு. விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக இருக்கும் சில கற்களை வெயிலில் காட்டினால் நீலமாக மாறிவிடும்! இந்த வகை ஒளியை ஆராய்ந்த ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி, கல்லின் பெயரை வைத்தே 1852-ல் அதற்குப் 'புளோரசென்ஸ்' என்று பெயர் சூட்டினார். டியூப் லைட்டை இங்கிலீஷில் புளோரசென்ட் விளக்கு என்று சொல்வது அதனால்தான்.

ஒரு கிராமமும் ஒரு மத்தாப்பும்

ஊர்ப் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கேயும் ஈயச் சுரங்கம். அங்கே கிடைத்த ஒரு கல் மற்றக் கற்களைப்போல் இல்லை என்று 1790-ல் கிராபோர்டு என்ற டாக்டர் கண்டார். அதற்குள் புதிதாக ஓர் உலோகம் ஒளிந்திருந்தது. 1808-ல் ஹம்ப்ரி டேவி அதைப் பிரித்து எடுத்தார். கிராமத்தின் பெயரே உலோகத்துக்கும் வந்தது: ஸ்ட்ரான்ஷியம். தீபாவளி மத்தாப்பில் சிவப்பு நிறம் தருவது அதன் உப்புதான்.

கார்ன்வாலில் மனாக்கன் என்ற ஊரின் ஓடையில் கறுப்பு மணல் கிடந்தது. கிரகர் என்ற பாதிரியார் 1791-ல் அதைச் சோதித்துப் புதிய உலோகம் ஒன்றைக் கண்டார். பிறகு அதற்கு டைட்டானியம் என்று பெயர் வந்தது. அந்தக் கறுப்பு மணலில் இருந்த இல்மனைட் என்ற கனிமம், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கறுகறுவென்று கிடக்கிறது.

எந்த ஊர்க் கல் என்று எழுதி வைத்ததால்தான் மற்றவர்கள் அந்த இடத்துக்குப் போய் மறுபடியும் எடுத்துச் சோதிக்க முடிந்தது.

ரஸ்ஸல் துரை

இதை நன்றாக உணர்ந்தவர் சர் ஆர்தர் ரஸ்ஸல். 1878-ல் பிறந்தார். பிரிட்டிஷ் கல்தான் அவர் மூச்சு. சர் பட்டம் வழிவழியாக வரும் குடும்பம். வீட்டில் சாய்ந்து கிடந்திருக்கலாம். அவரோ வேலை நடக்கும் சுரங்கங்களில் தாமே இறங்கிக் கல் எடுத்தார். பழைய சேகரிப்புகள் சிதறிப் போகாமல் வாங்கிக் காப்பாற்றினார். ஒவ்வொரு கல்லுக்கும் கிடைத்த இடம் என்ன, முன்பு யாரிடம் இருந்தது என்று குறித்து வைத்தார்.

1964-ல் அவர் காலமானபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் இருந்தன. அத்தனையையும் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு எழுதி வைத்துவிட்டார். ஒரு கனிமத்துக்கு அவர் பெயரை 1938-லேயே வைத்திருந்தார்கள்: ரஸ்ஸலைட். பளிச்சென்ற படிகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளிறிய மஞ்சள் பொடி! கார்ன்வாலில் காசில்-அன்-டைனஸ் என்ற சுரங்கத்தில் கிடைத்தது.

பொய்ச் சீட்டு

ரஸ்ஸலின் காலத்திலேயே இன்னொரு ஆர்தர் இருந்தார். ஆர்தர் கிங்ஸ்பரி. அவரும் பேர்போன சேகரிப்பாளர். பிரிட்டனில் அதுவரை யாரும் காணாத கனிமங்களைக் கண்டெடுத்ததாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார். எல்லோரும் வியந்தார்கள். 1968-ல் அவர் இறந்தார். அவருடைய கற்களும் லண்டன் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தன.

சந்தேகம் பிறகுதான் கிளம்பியது.

கல் தனியாக வருவதில்லை. அது ஒட்டியிருக்கும் பாறை, பக்கத்தில் முளைத்திருக்கும் வேறு படிகங்கள், எல்லாம் அதன் உறவினர்கள் மாதிரி. அந்த உறவினர்களைப் பார்த்தால் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கிங்ஸ்பரியின் கற்களை நிபுணர்கள் அப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 1998-ல் முடிவு வெளியாயிற்று. பல கற்கள் சீட்டில் கண்ட இடத்தைச் சேர்ந்தவையே அல்ல! வெளிநாட்டுக் கற்களுக்குக்கூட பிரிட்டிஷ் ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருந்தது.

கல் எல்லாம் உண்மையான கல். சீட்டுதான் பொய்.

அதனால் என்ன நஷ்டம்? பிரிட்டனில் என்னென்ன கனிமம் எங்கெங்கே உண்டு என்ற பட்டியலையே திருத்த வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், அவர் நிஜமாகவே கண்டெடுத்த நல்ல கற்களையும் இனி யார் நம்புவது? ஒரு குடம் பாலில் துளி விஷம் விழுந்த கதைதான். அந்தக் கற்களைத் தூக்கி எறியவும் முடியாது. சீட்டை நம்பிக் காட்டவும் முடியாது.

கைமாறும் கல்

லெஸ்டர் சர்வகலாசாலை பெரியவர்களுக்காக நடத்திய கனிம வகுப்பில் படித்தவர்கள் சிலர் 1972-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ரஸ்ஸல் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் இது. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுத்தான் கல் தேட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலை எடுக்கக்கூடாது. பழைய சுரங்கத்தில் தனியாக இறங்குவது உயிருக்கு ஆபத்து. இரண்டு கல் கிடைத்தால் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை நண்பருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்வது வழக்கம்.

கொடுக்கும்போது சீட்டும் கூடவே போகும். வாங்கியவர் தம் கையெழுத்தில் புதிய சீட்டு எழுதினாலும் பழையதை எறிவதில்லை. பழங்கல் ஒன்றுக்கு அடியில் நாலைந்து சீட்டுகூட இருப்பதுண்டு. கல்லின் அடிப்பக்கத்தில் பொட்டளவு வெள்ளை வர்ணம் பூசி, அதன்மேல் மையால் ஓர் எண் எழுதுகிறார்கள். சீட்டு தவறிப் போனாலும் ஏட்டைப் புரட்டி அந்த எண்ணைப் பார்த்தால், ஊரும் சுரங்கமும் தெரிந்துவிடும்.