சேர்ந்தோர் கணக்கும் தொடர்ந்தோர் கணக்கும்

மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது. 2006 முதல், முதல்நிலைக் கூட்டுமருந்து அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எனினும், மருந்து இருப்பது வேறு. அது வாழ்நாள் முழுதும் கைக்கு எட்டுவது வேறு.

நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சிரம்பான் மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குச் சென்றால் லயத்து மக்கள் கண்ணில் படலாம். ஆகவே, தொலைவு குறைந்த வழியே சிறந்தது என முடிவுகட்டலாகாது.

இரு வழிகளையும் ஒப்பிடுவது எவ்வாறு? ஓர் எடுத்துக்காட்டு: 100 பேர் சிகிச்சையில் சேர்கின்றனர். ஓராண்டுக்குப்பின் 60 பேரே தொடர்கின்றனர். அவர்களுள் 54 பேருக்குக் குருதியில் கிருமி அடங்கியுள்ளது. வந்தோரை மட்டும் எண்ணினால் வெற்றி 90 விழுக்காடு. சேர்ந்தோர் அனைவரையும் எண்ணினால் 54 விழுக்காடே. இரண்டாம் கணக்கே நேர்மையானது.

சொல்லுக்கும் இதில் பங்குண்டு. வராதவரைப் பதிவேட்டில் ‘தவறியவர்’ என்றெழுதினால் பழி அவரைச் சாரும். ‘தொடர்பு விடுபட்டவர்’ என்றெழுதினால், ஏன் விடுபட்டது என்னும் வினா எழும். உடல்நிலை சீரானோர்க்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒருசேர வழங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அத்தகைய விடை, அவ்வினாவைக் கேட்டோர்க்கே கிட்டும்.