லாரி ஓட்டுநருக்கு ஞாயிறு எந்தக் கிழமை?

ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் லாரி ஏறும் முருங்கைக்காயும் தக்காளியும் மறுநாள் விடியுமுன் கேரளத்துக் கடைகளை அடைந்துவிடுகின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் நம் திண்டுக்கல்லைத் தொட்டே செல்கிறது. இரவில் விழித்துக்கொண்டால் லாரிகளின் ஓசை கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. அந்த லாரியை ஓட்டுபவர் எப்போது உறங்குகிறார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் லாரி ஓட்டுநர். பெற்றோர் தினத்திற்கு அவர் மூன்று ஆண்டுகளாக வரவில்லை. இவ்வாண்டு ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். முந்தைய இரவு பொள்ளாச்சி சாலையில் அவருக்குக் கண் அசந்துவிட்டதாம். கிளீனர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்காவிட்டால் லாரி புளிய மரத்தில் மோதியிருக்கும். அன்று மாலையே நாங்கள் ஐந்து பேர் அவள் வீட்டிற்குச் சென்றோம். "உங்களுக்கு வார விடுமுறை என்றைக்கு?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "லாரிக்காரனுக்கு ஏது பாப்பா கிழமை? லோடு ஏறினா திங்கள், லோடு இறங்கினா செவ்வாய்" என்றார்.

ஆனால் சட்டத்தில் கிழமை உண்டு. சமூக அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரின் உதவியுடன் தேடிப் படித்தோம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூரப் பயணத்திற்கும் திருவிழாக் காலத்திற்கும் அதிகாரியின் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை நீட்டலாம்; அதற்கு மேல் கூடாது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது இடைவேளை வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு நாள் விடுமுறை அளிக்க மாநில அரசு விதி செய்யலாம். போக்குவரத்து தடைப்படாதிருக்க அந்த ஓய்வு நாளிலும் முதலாளி வேலை வாங்கலாம். அப்போதும் முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இழந்த ஓய்வு நாளுக்கு ஈடான நாளை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ தர வேண்டும். அனுமதி பெற்று நீட்டிய நேரத்திற்கும் ஓய்வு நாள் வேலைக்கும் இரட்டிப்பு ஊதியம்.

படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. இத்தனை இருந்தும் அவருக்கு ஏன் கண் அசந்தது?

தோழி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தையாரின் ஒரு வாரத்தைக் குறித்து வந்தாள். திங்கள் மாலை 3 மணிக்குச் சந்தையில் லாரியை நிறுத்துவார். இரவு 8 மணிக்கு லோடு ஏறி முடிந்து புறப்படுவார். அதிகாலை 3 மணிக்குத் திருச்சூர். காலை 7 மணிக்கு இறக்கி முடியும். லாரியிலேயே மூன்று மணி நேரம் படுத்துவிட்டு, 10 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்கு ஊர் திரும்புவார். செவ்வாய் இரவு வீட்டில் உறக்கம். புதன் மாலை 3 மணிக்கு மறுபடியும் சந்தை. இப்படியே வெள்ளி, பிறகு ஞாயிறு.

அக்கம்பக்கத்தார் இதைப் பார்த்து, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை, கொடுத்து வைத்தவர்" என்பார்களாம். நாங்கள் கூட்டிப் பார்த்தோம். திங்கள் 9 மணி, செவ்வாய் 13, புதன் 9, வியாழன் 13, வெள்ளி 9, சனி 13, ஞாயிறு 9. மொத்தம் 75 மணி! அனுமதியுடன் கூடிய உச்ச வரம்பை விடவும் 21 மணி அதிகம். ஏழு நாளில் மூன்று இரவு வீட்டில் இருந்தும், வேலையே இல்லாத முழு நாள் ஒன்றுகூட இல்லை.

இப்போது அதே வாரத்தை வேறு விதமாகக் கூட்டுங்கள். சக்கரம் உருளும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 43 மணிதான் வருகிறது, 48-க்கும் கீழே! லாரிக்காரர்களின் துன்பமெல்லாம் இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள 32 மணி நேரத்தில்தான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த 32 மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? கூடைகளை எண்ணுகிறார், தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறார், சீட்டில் கையெழுத்திடுகிறார், முறை வரும்வரை நிற்கிறார். 1961 சட்டம் ஏற்றுவதையும் இறக்குவதையும் துணை வேலை என்று கணக்கில் சேர்த்தது. ஆனால் நிலையத்தில் அழைப்புக்காகச் சும்மா காத்திருக்கும் நேரத்தை 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே சேர்த்தது. நின்றது எவ்வளவு, எண்ணியது எவ்வளவு என்று இருட்டில் யார் கடிகாரம் பிடிப்பார்கள்?

அவருக்குச் சம்பளமோ நடைக்கு இவ்வளவு என்று. வழிச் செலவுக்குப் பேட்டா தனி. மணிக்கணக்கே இல்லாத சம்பளத்தில் ஓவர்டைம் எங்கே நுழையும்? ஒரு நடை குறைந்தால் ஒரு நடையின் பணம் போயிற்று. ஆகவே ஓய்வு நாளைக் கேட்பது தம் சம்பளத்தைத் தாமே வெட்டிக்கொள்வதாகிறது. "கேட்டா முதலாளி குடுப்பாரு, ஆனா நான் எப்படிக் கேப்பேன்?" என்றார். தொழிலாளியும் முதலாளியும் செய்யும் எந்த ஒப்பந்தத்திலும், சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஆன்மாவுக்கும் உடலுக்கும் தக்க ஓய்வு ஒரு நிபந்தனையாக அடங்கியே இருக்கிறது என்று 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் எழுதியதை சிஸ்டர் எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் 2006-ஆம் ஆண்டின் விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். முழு வார ஓய்வு 45 மணி நேரம். லாரியில் பொருத்திய கருவி இதைத் தானே பதிவு செய்வதால் ஓட்டுநர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்த முழு வார ஓய்வை லாரிக்குள் படுத்துக் கழிக்கக் கூடாது என்று 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் தூரக் கணக்கில் கூலி தருவதும் அங்கே தடை. நம் நாட்டில் புதிதாகத் தயாரிக்கப்படும் கனரக லாரிகளுக்குக் குளிர்சாதன வசதியுள்ள கேபின் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் குளிர்ந்த காற்றில் தூக்கம் இன்னும் சீக்கிரம் வருமே என்று தோழியின் தாயார் கவலைப்படுகிறார்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1961 சட்டம் ஐந்து பேருக்கு மேற்பட்ட, அல்லது ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. அதன் இடத்தில் 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நாளுக்கு 8 மணி, வாரத்தில் 6 நாளுக்கு மேல் வேலை இல்லை, மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் என்பவை அதிலும் உள்ளன. ஆனால் ஐந்து என்றிருந்த எண்ணிக்கை மோட்டார் போக்குவரத்து நிறுவனத்திற்குப் பத்து ஆகிவிட்டது. தோழியின் தந்தையார் வேலை செய்யும் இடத்தில் லாரிகள் மூன்று. ஓட்டுநர், கிளீனர் எல்லாரும் சேர்ந்து ஆறு பேர். பழைய கணக்கில் அவர்கள் உள்ளே இருந்தார்கள். புதிய கணக்கில் வெளியே நிற்கிறார்கள். இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆறு பேர் உள்ள இடத்தில் தூக்கம் வராதா என்ன?

75, 43 என்ற இரண்டு கூட்டலையும் அவரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தார். செவ்வாய்க்கிழமையில் பழனி ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தை விட்டுவிட்டோம் என்றார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, லாரிக் காகிதங்கள் வைக்கும் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மணி இரண்டரை ஆகியிருந்தது; சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார்.