அலைச்சறுக்கு வீரரின் செவி

பெருங்கடலில் சுவர்போல் எழும் அலையின்மீது ஒரு பலகையில் நின்று வழுக்கிக்கொண்டு வரும் வீரரைப் படத்திலேனும் கண்டிராதவர் இன்று அரியர். அவருக்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை என்று கேட்டால், சுறாமீன் என்போம். பாறையில் மோதுதல் என்போம். நீரில் மூழ்குதல் என்போம். இவையெல்லாம் நிகழக்கூடியவையே. ஆயினும் அவ்வீரர்களின் பெயரையே தாங்கி நிற்கும் நோய் ஒன்றுண்டு. 'அலைச்சறுக்கு வீரரின் செவி' என்று மருத்துவர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர். வலியின்றி, பிறர் அறியாமல், ஆண்டுக்கணக்கில் காதினுள் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடுவதே அந்நோய்.

காதின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்வோம். மடலிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் வெளிப்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அங்கே தோல் தடித்தது. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் அங்கேதான் உள்ளன. உட்பகுதியோ எலும்பினூடே செல்வது. அங்கே தோல் மிக மெல்லியது. உடலின் பிற இடங்களில் தோலுக்குக் கீழ் மெத்தைபோல் அமைந்திருக்கும் கொழுப்பு அங்கே இல்லை. எலும்பைப் போர்த்திய சவ்வின்மேல் தோல் நேரே ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே, உட்புகும் நீரின் குளிர்ச்சி எலும்பை எட்ட நெடுநேரம் ஆவதில்லை. குளிர்ச்சி மீண்டும் மீண்டும் தாக்கும்போது அச்சவ்வு உறுத்தப்பட்டு, அங்கே குருதியோட்டம் மிகுந்து, புதிய எலும்பு சுரக்கத் தொடங்குகிறது. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அது படிகிறது. நீர் மட்டுமன்று, காற்றும் இதில் கூட்டாளி. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறதல்லவா? ஈரமான காதில் கடற்காற்று வீசும்போது நிகழ்வதும் அதுவே. பொதுவாக 19 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த நீரே இவ்வளர்ச்சியைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது.

இவ்விளையாட்டின் தாயகமான ஹவாய்த் தீவுகளில் கடல்நீர் வெதுவெதுப்பானது. 1885ஆம் ஆண்டில் ஹவாய் அரச குடும்பத்து இளவரசர் மூவர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் தங்கியிருந்தபோது, அந்நாட்டு ரெட்வுட் மரத்தில் பலகை செய்து ஆற்று முகத்துவாரத்தில் அலையேறிக் காட்டினர். அதுமுதல் இக்கலை குளிர்ந்த கடலுக்கும் பழக்கமாயிற்று. எனினும் அக்கடலில் நெடுநேரம் நிற்க எவராலும் இயலவில்லை. நடுக்கம் எடுத்தவுடன் கரையேறித் தீக்காய வேண்டியதாயிற்று. அந்த நடுக்கமே காதுக்குக் காவலாகவும் இருந்தது! 1950களின் தொடக்கத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிக அறிஞரான ஹியூ பிராட்னர் என்பார், உடை நனைந்தாலும் கேடில்லை, ரப்பரினுள் அடைபட்ட வாயுக்குமிழ்கள் உடலின் வெப்பத்தைக் காக்கும் என்று கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜாக் ஓநீல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்து அத்தகைய உடைகளை வீரர்களிடையே பரப்பினார். உடல் காக்கப்பட்டது, பனிக்காலத்திலும் மணிக்கணக்கில் கடலில் கிடக்க முடிந்தது. காது மட்டும் திறந்தே இருந்தது. உடலுக்குக் கிடைத்த சுகத்திற்கான விலையைக் காது செலுத்தலாயிற்று.

ஆனால் இந்நோய் இவ்விளையாட்டைவிடப் பன்மடங்கு பழமையானது. 1908ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் லா ஷபேல்-ஓ-சேன் என்னுமிடத்தில் கிடைத்த நியாண்டர்தால் மனிதனின் மண்டையோட்டிலும் காதினுள் இத்தகைய எலும்பு வளர்ச்சி காணப்படுகிறது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்ட 23 நியாண்டர்தால் மனிதர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவ்வடையாளம் இருந்தது. அவர்கள் நீரில் இறங்கி உணவு தேடியிருக்கலாம் என்று ஆய்வாளர் ஊகிக்கின்றனர். அலையேறிக் களித்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

நோயின் அறிகுறிகள் எளியவை. அதனாலேயே எவரும் பொருட்படுத்துவதில்லை. குளத்தில் குளித்துக் கரையேறிய சிறுவன் தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்துக் காதின் நீரை வெளியேற்றுவது நாம் அறிந்ததே. இவ்வீரருக்கோ எவ்வளவு குதித்தாலும் நீர் வெளிவருவதில்லை. குறுகிய வழியின் உட்புறத்தே நீரும் குறும்பியும் தேங்கிச் சீழ் பிடிக்கின்றன, செவி மந்தமாகிறது. அந்நிலையில் கொண்டை ஊசியாலோ கோழியிறகாலோ காதைக் குடைவது பெருந்தவறு. வளர்ந்த எலும்பு மருந்தால் கரைவதில்லை. அறுவை மருத்துவர் நுண்ணிய உளியாலோ துளைகருவியாலோ அதனைச் செதுக்கி எடுக்க வேண்டும். பின்பு பல வாரங்கள் கடலை மறந்திருக்க வேண்டும். காதடைப்பான் இன்றி மீண்டும் குளிர்நீரில் இறங்கினால் எலும்பும் மீண்டும் வளரலாம். காதடைப்பானின் விலையோ மிகச் சிறிது.

சென்னையை அடுத்த கோவளத்திலும் இளைஞர்கள் இன்று அலையேறுகின்றனர். நம் கடல் வெதுவெதுப்பானது. ஆதலால் இவ்வகையில் நம் காதுகளுக்கு அச்சம் குறைவு. கண்ணுக்கு அவ்வாறன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கண்ணின் வெண்பகுதியில் சிறகு வடிவான சதையை வளர்க்கின்றன. அது மெல்லக் கருவிழிமேல் படர்கிறது. நாள் முழுதும் வெயிலில் உழைக்கும் மீனவரிடமும் உழவரிடமும் இதனைக் காணலாம்.

இவை பல்லாண்டு பழகியோர்க்கு வருபவை. முதல்நாள் கற்பவரையே தேடிவரும் நோய் ஒன்றும் உண்டு. அது குறைவாகவே காணப்படினும் கொடியது. ஹவாயில் கண்ட ஒன்பது நோயாளிகளைப் பற்றி 2004இல் மருத்துவர்கள் எழுதிய பிறகே இதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. கற்பவர் பலகைமேல் குப்புறப் படுத்து, முதுகைப் பின்னோக்கி வளைத்துத் தலையை உயர்த்தியபடி அலைக்காக நெடுநேரம் காத்திருப்பார். அடியில்லை, வீழ்ச்சியில்லை, திடீரென இடுப்பு வலிக்கும். சிறிது நேரத்தில் கால்கள் மரத்துத் தளரும். சிறுநீர் கழிக்க இயலாது போகும். முதுகை அவ்வாறு வளைத்திருக்கையில் தண்டுவடத்திற்குச் செல்லும் குருதி தடைப்படுவதே காரணம் என்று கருதுகின்றனர். முற்றிலும் குணமடைந்தவர்களும் உண்டு. மீண்டும் நடக்கவே இயலாதவர்களும் உண்டு. உறுதியான மருந்து எதுவும் இன்னும் கண்டறியப்படவில்லை. ஆகவே கற்பவர் அவ்வப்போது பலகைமேல் எழுந்து உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். வலி தோன்றிய அக்கணமே, இன்னும் ஓரலை என்று எண்ணாமல் கரையேறிவிட வேண்டும். கால் மரத்திருந்தால் வீட்டுக்கன்று, நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.