இறக்கை முளைத்தபின் தோலுரிக்கும் பூச்சி

மழை ஓய்ந்த மாலையில், பெங்களூருவின் ஏரிக்கரை வீடுகளில் விளக்கொளியை நாடி மெல்லிய பூச்சிகள் வருவதுண்டு. பலரும் அவற்றை ஈசல் என்றே எண்ணுவர். ஈசல் மண்ணிலிருந்து எழுவது. மேஃபிளை என்னும் இப்பூச்சியோ நீரிலிருந்து எழுவது. பட்டாம்பூச்சி போல இறக்கைகளை நிமிர்த்தி அமரும். வால்நுனியில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகள் உண்டு.

இதன் இளம்பூச்சி, வயிற்றின் இருபுறமும் உள்ள செவுள்களால் நீருக்குள் மூச்சுவிட்டு வளரும். இறக்கை முளைத்தபின் மீண்டும் தோலுரிப்பவை, இன்று வாழும் பூச்சிகளுள் மேஃபிளைகள் மட்டுமே. தோலுரிக்குமுன் இறக்கை மங்கியிருக்கும். உரித்தபின் கண்ணாடி போல் மின்னும். ஆகவே ஒரே பூச்சியை இருவேறு பூச்சிகளாகக் கருதிவிடுவது எளிது.

சுவரில் அமர்ந்த பூச்சியை இரவில் பக்கவாட்டில் படமெடுத்துவிட வேண்டும். முதிர்ந்தபின் அது எதையும் உண்ணாது. பெரும்பாலானவை ஓரிரு நாளில் மடியும். காலையில் வெறுந்தோல் மட்டும் அங்கே ஒட்டியிருந்தால், அதையும் படமெடுக்கலாம்.