விதையும் மருந்தும் ஒரே பில்லில் வேண்டாம்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் வசந்தம் பிறந்ததும் வீட்டுப் புற்றரைக்கு விதை தூவுவார்கள். மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியஸையாவது எட்ட வேண்டும். ரைகிராஸ் ஒரு வாரமளவில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸுக்கு 2 முதல் 4 வாரம் செல்லும். அதுவரை மேல்மண் காயக்கூடாது.

அதே நாட்களில்தான் கிராப்கிராஸ் என்ற களையை முளைக்கவிடாத மருந்தும் விற்பனைக்கு வருகிறது. இம்மருந்துகளில் பெரும்பாலானவை களைவிதை, புல்விதை என்று பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் தடுத்துவிடும். ஒருவருக்கே இரண்டு பையையும் பேசாமல் விற்றால் அன்றைய விற்பனை கூடும். ஆனால், புல் முளைக்காது. அவர் அடுத்தமுறை வேறு கடைக்குப் போவார்.

"மருந்தை இப்போது போடுங்கள், விதையைச் செப்டெம்பரில் தூவுங்கள்" என்று சொல்லும் கடைக்காரருக்கு இன்று ஒரு பை குறையலாம், வாடிக்கையாளர் குறையமாட்டார்.

நமது கடைகளுக்கும் கணக்கு இதுதான். எதனோடு எது சேராது என்று சொல்லி விற்பதும் வியாபாரமே.